நீர்மட்டம் தென்படவில்லை

மலைச்சரிவில் கட்டடமோ சாலையோ வருவதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கை ஒன்று தயாராகும். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பாதிக்கு மேல் அட்டவணைகளாக இருக்கும். எங்கள் தொழிலில் அநேகமாக எல்லோரும் எழுதியிருக்கும் வரி ஒன்று அதில் உண்டு: துளையிட்ட ஆழம் வரை நிலத்தடி நீர்மட்டம் தென்படவில்லை. பொய்யில்லை. துளை போட்டது ஏப்ரலிலோ மே மாதத்திலோ. மழைக்காலத்தில் போரிங் சாமான்களை அந்த மேட்டுக்கு ஏற்ற முடியாது. ஏற்ற ஆள் கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. ஆகவே கோடையில் போனோம், நீரைக் காணோம், காணோம் என்று எழுதினோம். பிறகு ஊருக்குத் திரும்பி, காய்ந்த மலையைக் கணினியில் வரைந்து, பாதுகாப்புக் காரணி 1.5-க்கு மேல் வருகிறது என்று சான்றளித்தோம். மழை ஐப்பசியில் வந்தது.

நாங்கள் என்றால் யார் யார்? சரிவைக் கணக்குப் போடும் சிவில் எஞ்சினியர்கள், மண் ஆய்வுக்கூடம் நடத்துபவர்கள், பாறையைப் படிக்கும் நிலவியலாளர்கள், குவாரிக்குத் திட்டம் வரைபவர்கள், இவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்த பேராசிரியர்கள். மலை சரிந்தால் காடழித்தவர்களையும் மனை போட்டு விற்றவர்களையும் அனுமதி கொடுத்தவர்களையும் திட்டுவது வழக்கம். திட்டட்டும், அவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த அனுமதிக் கோப்புகள் பலவற்றில் எங்களில் ஒருவரின் கையெழுத்தும் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் வெளியில் பேசுவதில்லை.

பாதுகாப்புக் காரணி எளிய வகுத்தல்தான். சரிவைப் பிடித்து நிறுத்தும் வலிமையை, அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது. 1 என்றால் விளிம்பில் நிற்கிறது. அதற்குக் கீழே போனால் நிற்காது. நிரந்தரச் சரிவுக்கு 1.5 கிடைத்தால் போதும் என்பது தொழில் வழக்கம். 20 டிகிரி சாய்வுள்ள ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஒட்டுந்தன்மை இல்லை, உராய்வுக் கோணம் 30 டிகிரி. காய்ந்திருக்கும்போது காரணி ஏறக்குறைய 1.6. பாஸ். அதே சரிவில் நீர் மேற்பரப்பு வரை ஏறி, சாய்வுக்கு இணையாகக் கசிந்து ஓடட்டும். காரணி 0.8. மண்ணும் மாறவில்லை, சாய்வும் மாறவில்லை. துகள்களுக்கு இடையில் புகுந்த நீர், அவை ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி உட்காருவதைக் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர் பத்து நிமிடத்தில் போடும் கணக்கு. எங்களுக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்ல வழியே இல்லை.

தெரிந்து நூறு வருடம் ஆகிறது. ரயில்பாதைகள் அடிக்கடி சரிந்ததால் ஸ்வீடன் அரசு ரயில்வே 1914-இல் ஓர் ஆணையம் அமைத்தது. 1916-இல் கோத்தன்பர்க் துறைமுகத்தில் கரை சரிந்ததை ஆராய்ந்தபோது, சரியும் மண்ணை வட்டவில்லாக வரைந்து, துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடும் முறை உருவானது. ஃபெலேனியஸ் அதை வளர்த்தெடுத்தார். மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் கழித்துப் பார்த்தால்தான் மண்ணின் உண்மையான பலம் தெரியும் என்று டெர்சாகி நிலைநாட்டினார். 1955-இல் பிஷப் அந்தத் துண்டுக் கணக்கை இன்னும் செம்மைப்படுத்தினார். இன்றைய மென்பொருள் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் வில்களை வரைந்து, மிக ஆபத்தானதைச் சிவப்பில் காட்டுகிறது. நீர்மட்டம் எங்கே என்று அதுவும் கேட்கத்தான் செய்கிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் நாங்கள்.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பரிசோதனைக்குப் போட்ட துளையிலேயே அடியில் ஓட்டையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை இறக்கி, சுற்றிலும் மணல் போட்டு, வாயை மூடி வைத்துவிட்டு வந்தால், மழைக்காலத்தில் யார் வேண்டுமானாலும் அளவுநாடாவை இறக்கி நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். நாங்கள் துளையை மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தோம். மழைக்காலத்தில் அளக்க ஆள் அனுப்பும் செலவு எங்கள் விலைப்புள்ளியில் இல்லை. அதைச் சேர்த்தால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

நீலகிரியின் மண்ணே ஏமாற்றுக்கார மண் என்று சொல்லித் தப்பிக்கலாம். சார்னோகைட் பாறை காலங்காலமாக மக்கி, பல இடங்களில் பத்திருபது மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகக் கிடக்கிறது. வெயில் காலத்தில் ஜே.சி.பி. வைத்துச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அரை ஈரத்தில் இருக்கும் மண்ணில் நீரின் இழுப்பு துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. தொடர்மழையில் நனைந்து ஊறினால் அந்தப் பிடி போய்விடும். “ஆறு மாசமா நிக்குதுங்க சார், ஒண்ணும் ஆகலியே” என்பார் வீட்டுக்காரர். அந்த ஆறு மாசம் எந்த ஆறு மாசம் என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள். பல சமயம் தலையாட்டிவிட்டு டீ குடித்தோம்.

1978, 1979, 1993, 2009. நீலகிரிக்காரர்கள் இந்த வருடங்களைச் சொல்லித்தான் மழையைப் பற்றிப் பேசுவார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அறுந்து உயிர்கள் போயின. 2009 நவம்பரில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் இறங்கி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் குழுக்கள் வந்தன, எங்கள் ஆட்களும் அவற்றில் இருந்தார்கள். பரிந்துரைகளில் வடிகாலுக்கு எப்போதும் முதலிடம். தரையில் வந்து நின்றதோ பெரும்பாலும் சுவர்.

ஏன் சுவர்? சுவரைக் கனமீட்டரில் அளக்கலாம், அளவைப் புத்தகத்தில் எழுதலாம், பில் போடலாம், முன்னால் நின்று படம் எடுக்கலாம். வடிகாலைக் கட்டுவதோடு முடியாது. வருடா வருடம் தூர்வார வேண்டும், அதற்கு ஒரு தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். எங்கள் மதிப்பீடுகளில் கட்டுமானத்துக்குப் பக்கம் பக்கமாக இனங்கள் இருந்தன, பராமரிப்புக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். சரி, சுவராவது ஒழுங்காக இருந்ததா? பின்னால் சேரும் நீர் வெளியேறச் சுவரில் ஓட்டை விட வேண்டும், ஓட்டைக்குப் பின்னால் ஜல்லியும் மணலும் அடுக்கி வடிகட்டி அமைக்க வேண்டும். வரைபடத்தில் அது இருக்கும். சைட்டில் கொத்தனார் ஓட்டைக்குழாயை வைத்துவிட்டு, பின்னால் வெட்டிய மண்ணையே தள்ளி நிரப்பியிருப்பார். குழாய் வாயில் சிமெண்ட் காய்ந்து கிடக்கும். நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், முகப்பில் ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தோம். நாலு மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால், காய்ந்த மண் தள்ளுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும். தடுப்புச் சுவர் என்ற பெயரில் ஓர் அணையைக் கட்டி, அதைக் காய்ந்த மண்ணுக்கு மட்டும் வடிவமைத்தோம்.

சமவெளியில் ஏரிக்கு மதகு உண்டு, கலங்கல் உண்டு, அவற்றைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி உண்டு, மழைக்கு முன் ஊர் கூடிக் குடிமராமத்து செய்த காலமும் உண்டு. மலையை வெட்டி நாங்கள் உண்டாக்கிய சரிவுக்கு அப்படி யாரும் இல்லை. இருந்தவர் ஒருவர்தான்: மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சாலையோரம் நடக்கும் சாலைப் பணியாளர். ஓடையில் விழுந்த கல்லை எடுத்துப் போடுவார், இலை அடைத்த கல்வெர்ட்டைத் திறந்துவிடுவார். 2002-இல் தமிழக அரசு ஆயிரக்கணக்கான சாலைப் பணியாளர்களை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கியது. சில வருடங்களுக்குப் பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். அதைத் தொழிற்சங்கங்கள் பேசின, கட்சிகள் பேசின. மலைச்சாலைகளின் பாதுகாப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்று தொழில்நுட்ப மொழியில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். சம்பள விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

அந்தச் சாலைப் பணியாளர்களுக்குத் தெரிந்ததை நாங்கள் கேட்டதும் இல்லை. “போன வருசம் இந்த மரம் நேரா நின்னுச்சு, இப்ப சாயுது பாருங்க” என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு வருட அளவீடு இருக்கிறது. உச்சியில் வில்போல ஓடும் வெடிப்பு, அடிவாரத்தில் புடைப்பு, நேற்றுவரை தெளிவாக வந்த ஊற்று இன்று கலங்கி வருவது, மூட முடியாமல் இறுகும் கதவு: சரிவு நகரத் தொடங்கிவிட்டது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி பல நேரம் கருவிகளிடமும் கிடையாது. எங்கள் அறிக்கைப் படிவத்தில் ‘உள்ளூரார் சொன்னவை’ என்று ஒரு பக்கம் இல்லை.

இன்னொன்றும் இல்லை. எங்கள் வரைபடம் வாடிக்கையாளரின் மனை எல்லையோடு நின்றுவிடும். அதற்கு மேலே என்ன, கீழே யார் என்பது தாளுக்கு வெளியே. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தொழிலாளர் குடியிருப்பான லயங்களை மூடிய மண், லயங்களுக்கு வெகு மேலே காட்டுக்குள் கிளம்பியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். இரவு நடந்தது வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலை ஆகிவிட்டது. லயங்களைக் கட்டிய காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது என்பது உண்மைதான். கணக்கு வந்த பிறகு அந்த லயங்களை நோக்கி நாங்கள் எத்தனை முறை திரும்பினோம்? பங்களாவுக்கும் ரிசார்ட்டுக்கும் கூப்பிட்டார்கள், போனோம். லயத்துக்குக் கூப்பிடக் கட்டணம் கொடுக்கும் வாடிக்கையாளர் இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் வந்து ஏழு பேரைக் கொன்றன, ஐவர் குழந்தைகள். மலையடிவாரத்தில் வீடுகள் ஏறிக்கொண்டே போனதை அந்த ஊருக்குக் கிரிவலம் போன எஞ்சினியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எச்சரிக்கை கொடுத்தாயிற்று, இனி எங்கள் பொறுப்பில்லை என்று சொல்வோரும் எங்களில் உண்டு. அவர்கள் இலங்கையின் மீரியபெத்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டம் அது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் சொல்லியிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கியபோது லயங்களில் ஆட்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. விஞ்ஞானம் அங்கே தவறவில்லை. போகச் சொன்னால் எங்கே போவது என்று கேட்கும் குடும்பத்துக்கு நிலமும் வீடும் கொடுக்காத எச்சரிக்கை, சொன்னவரின் கோப்பை மட்டும் காப்பாற்றுகிறது. ‘குடியிருப்போரை அப்புறப்படுத்தலாம்’ என்று ஒற்றை வாக்கியத்தில் எழுதி முடிக்கும் பழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. எங்கே, எப்போதுக்குள், யார் செலவில் என்று எழுதுவது பொறியியல் ஆகாது என்று யாரோ எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

மலையில் மேல்நோக்கிப் பார்க்காமல் விட்டோம் என்றால், குவாரியில் கீழ்நோக்கி. இங்கே நான் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. 1961-இன் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், கெட்டிப் பாறையில் குழியின் பக்கங்களைப் பெஞ்ச் பெஞ்சாக, அதாவது படி படியாக வெட்டச் சொல்கின்றன. சிறப்பு அனுமதி இல்லாமல் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. படியின் அகலம் உயரத்துக்குக் குறையாமல் இருப்பதுதான் நல்ல வழக்கம். அப்படி வெட்டினால் மொத்தச் சாய்வு 45 டிகிரி. ஒரு ஹெக்டேர் குத்தகை, நூறுக்கு நூறு மீட்டர் என்று வையுங்கள். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுவிட்டால் வெட்ட மிஞ்சுவது 85 மீட்டர். இரு பக்கமும் 45 டிகிரியில் இறங்கினால் 42.5 மீட்டர் ஆழத்தில் இரண்டு சரிவுகளும் முட்டிக்கொள்ளும். லாரி போகும் பாதைக்கும் ஹிட்டாச்சி நிற்கும் தளத்துக்கும் இடம் விட்டால் அதற்கும் வெகு மேலேயே நிறுத்தியாக வேண்டும். கீழே நல்ல கல் இருக்கிறது, குத்தகை முடிய இன்னும் வருடங்கள் இருக்கின்றன. என்ன நடக்கும்? படியை விழுங்கிக்கொண்டு நேராக இறங்குவார்கள். சுரங்கத் திட்டத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் அழகான படிக்கட்டு. குழியில் முந்நூறு அடிச் செங்குத்துச் சுவர். அந்தப் படத்தை வரைந்தவர்களும் நாங்கள்தான். வரைந்த பிறகு குழிக்குள் இறங்கிப் பார்க்க எங்களை யாரும் தடுத்ததில்லை.

2022 மே 14 இரவு, நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நால்வர் இறந்தார்கள். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியில் ஆறு பேர் இறந்தார்கள். இரண்டும் மே மாதம் என்பதைக் கவனியுங்கள். பாறைக்கு எப்போதும் மழை தேவையில்லை. விரிசல்கள் எந்தத் திசையில் சாய்கின்றன, வெட்டுமுகம் அவற்றை அடியில் அறுக்கிறதா, போன வெடி எந்தப் பாறையைத் தளர்த்தியிருக்கிறது என்று ஒருவர் முகத்தருகே நின்று திசைகாட்டியால் அளக்க வேண்டும். 1974-இலேயே ஹூக்கும் பிரேயும் இதற்கென்று ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார்கள். எங்கள் கல்லூரி நூலகங்களில் அது இருக்கிறது. சிறு குவாரிகளுக்கு நாங்கள் தயாரித்த திட்டங்களில் விரிசல் அளவீடு இருந்ததைவிட மரக்கன்று நடும் அட்டவணை இருந்தது அதிகம்.

இந்த அலட்சியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். மேடு குவிந்திருந்தது ஓர் ஊற்றின்மேல். அந்த ஊற்று வரைபடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. மூன்று வருடம் முன்பே பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவதைப் பற்றி நகராட்சி எஞ்சினியர் கவலைப்பட்டுக் கடிதம் எழுதியிருந்தார். விசாரணைத் தீர்ப்பாயம் சுரங்க வாரியத்தின் மீது கடுமையாகக் குற்றம் சாட்டியது. கழிவு மேடும் ஒரு கட்டுமானம்தான், அதற்கும் அஸ்திவாரம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது எங்களைச் சுடுகிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட் கழிவுக் கற்களை மலைமலையாகக் குவித்துவைத்ததைக் கடந்துபோனபோது எங்களுக்கும் தோன்றவில்லை.

வேறு மாதிரியும் நடக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பிங்ஹாம் கேன்யன் செப்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 இரவு பல கோடி டன் பாறையும் மண்ணும் இரண்டு தவணையாக இறங்கின. ஒருவருக்கும் காயமில்லை. சரிவு நகர்வதை ரேடாரிலும் மற்ற கருவிகளிலும் முன்பே கண்டு, ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள். பெரிய கம்பெனி, பெரிய பணம் என்று இதை ஒதுக்கலாம். ஹாங்காங்கை ஒதுக்க முடியாது. அங்கே 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். அதில் ஒரு குடியிருப்பான சாவ் மாவ் பிங்கில் 1976-இல் மறுபடி சரிந்து 18 பேர். 1977-இல் சரிவுகளைக் கண்காணிக்கவென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். இன்று அங்கே மனிதர் வெட்டிய, நிரப்பிய சரிவுகள் சுமார் 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண், பலவற்றில் அந்த எண்ணைத் தாங்கிய பலகை. எந்தச் சரிவை யார் பராமரிக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. மழை எச்சரிக்கை தனி. சரிவுகள் நின்றுவிடவில்லை, சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அது சின்ன ஊர், கையில் காசுள்ள ஊர் என்ற பதில் எங்கள் கூட்டங்களில் உடனே வரும். தகரப் பலகை என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

நீலகிரி மாவட்ட நிர்வாகம் மழைக்காலத்தில் ஆபத்தான இடங்கள் என்று 283 இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. மழை தொடங்கியதும் செய்திகளில் அந்த எண் வந்துவிடும்; மணல் மூட்டை, ஜே.சி.பி., முகாம், பொறுப்பு அதிகாரி என்று மீட்புக்கான ஏற்பாடுகள் அதை வைத்து நடக்கும். அந்த 283 இடங்களுக்கும் நடந்து போய், சரிவு யாருடையது, வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, சுவரின் ஓட்டைகளில் நீர் வருகிறதா, கீழே எத்தனை வீடுகள் என்று குறித்துக்கொள்ள ஒன்றுக்கு ஒரு நாள் என்று வைத்தாலும், எங்களில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மாத வேலை. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்பதைத்தான் இதுவரை காரணமாகச் சொல்லிவந்திருக்கிறோம்.